கலங்கலில் மூக்கு, தெளிவில் கண்

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்றால் இரண்டு கடல் தெரியும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தீவுக்காரர்கள் வடகடல், தென்கடல் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று எழும்பியதும் தென்கடல் கொந்தளித்து, அடிமண் கிளம்பிக் கலங்கிவிடும். வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை பிடித்தால் நிலைமை தலைகீழ். இரண்டு பக்கமும் பாரை உண்டு, ஊளி உண்டு, கெளுத்தி உண்டு. ஆனால் தெளிந்த பக்கத்தில் ஊளியை வரிசையாக இழுத்துக் கொடுத்த, ஸ்பூன் என்ற வெள்ளித் தகடு, கலங்கிய பக்கத்தில் வெறும் தகரத் துண்டு. அங்கே ஒரு வெட்டுத்துண்டு மத்தி போட்டவர்தான் மீனோடு வீட்டுக்குப் போவார்.

தூண்டில் சாமான் கடைகளில் போய், “எந்த லூர் நல்லாப் போகுது?” என்று செயற்கை இரையைப் பற்றிக் கேட்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடைக்காரர் விற்றுப் போவதைச் சொல்வார், அதில் பிழையில்லை. ஆனால் கேட்க வேண்டிய இடம் கடையல்ல, தண்ணீர். கரையோரத்தில் எந்த இரை எடுபடும் என்பதை மீனின் விருப்பத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, அன்றைக்கு அந்தத் தண்ணீரில் மீனின் எந்தப் புலன் வேலை செய்கிறது என்பதுதான்.

ஒரு மீன் இரையை நோக்கி வரும் வழியில் புலன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்பேற்கின்றன. தூரத்தில் மூக்கு. மீனின் மூக்குக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை. முகத்தின் இருபுறமும் பெரும்பாலும் இரண்டிரண்டு துளைகள் இருக்கும். முன் துளையில் நுழைகிற நீர், உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் மோப்பத் திசுவைத் தொட்டுவிட்டுப் பின் துளை வழியாக வெளியேறிவிடும். அடுத்தது கண். கரையோரக் கடலில் அது சில மீட்டர் தூரம் வரை பார்த்தால் பெரிய விஷயம். கலங்கலில் கை நீளம்கூட எட்டாது. இன்னும் நெருங்கினால் பக்கவாட்டுக் கோடு. விலாவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் அந்தக் கோட்டில், நம் உட்செவியில் இருப்பதைப் போன்ற மயிரிழைச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் நீர் அசைந்தால் அவை வளையும், மீனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இதன் எல்லை ஓரிரண்டு உடல் நீளம்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில் நாக்கு, அதாவது வாய்க்குள்ளும் உதட்டிலும் இருக்கும் சுவை மொட்டுகள். விழுங்குவதா துப்புவதா என்று முடிவு செய்வது அவைதான்.

இரை இந்த நான்கையும் தாண்ட வல்லது. லூர் அப்படியல்ல. அதற்கு வாசனை இல்லை, சுவை இல்லை. கண்ணையும் பக்கவாட்டுக் கோட்டையும் மட்டுமே அது ஏமாற்றும். நாக்கிடம் போனால் அடுத்த நொடியே வெளியே. எனவே லூரின் வெற்றி முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: மீனுக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பது. இரையின் வெற்றி இதற்கு நேர் எதிர். மீன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அது தாக்குப்பிடிக்க வேண்டும்.

மினிக்காய் தீவின் சூரை மீன்பிடிப்பைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். கூட்டமாக வரும் சூரைகளின் நடுவே உயிருள்ள சின்ன மீன்களை அள்ளி வீசுவார்கள், மேற்பரப்பில் தண்ணீரைத் தெளிப்பார்கள். கடல் கொதிப்பதுபோல் ஆகிவிடும். அந்தக் களேபரத்தில் இரையே கோக்காத, கொக்கி நாக்கும் இல்லாத பளபளப்பான முள்ளைக் கழியில் கட்டி இறக்கினால் போதும், மீன் கவ்விக்கொள்ளும். பக்கத்து மீன் தின்றுவிடும் என்ற அவசரத்தில் எது மீன், எது இரும்பு என்று பார்க்க அதற்கு நேரமில்லை. அதே சூரை தனியாக, பசியில்லாமல் சுற்றும்போது இந்த வித்தை பலிக்காது.

முதலில் இரையைப் பார்ப்போம். உலகம் முழுக்கக் கரையோரத் தூண்டில்காரர்கள் சொல்லிவைத்ததுபோல் மூன்று பொருள்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்: இறால், கணவாய், சேற்றில் தோண்டியெடுக்கும் புழு. இந்த மூன்றுக்கும் என்ன உறவு? ஒன்று ஓடுள்ளது, ஒன்று மெல்லுடலி, ஒன்று புழு. உறவு அவற்றின் செல்லுக்குள் இருக்கிறது, அதற்குக் காரணம் கடலின் உப்பு.

கடல் நீர், தன்னுள் வாழும் எதையும் உலர்த்தப் பார்க்கும். உடலுக்குள் செறிவு குறைவாக இருந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். எலும்பு மீன்கள் இதோடு ஓயாமல் மல்லுக்கட்டுகின்றன. அவற்றின் இரத்தச் செறிவு கடல் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதைக் காப்பாற்றுவதற்காகக் கடல் நீரைக் குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகின்றன. கணவாய், புழு, நண்டு, இறால் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்கள் பெரும்பாலும் இந்தச் சண்டைக்குப் போவதில்லை. உடலையே கடலின் செறிவுக்குக் கிட்டத்தட்ட சமமாக வைத்துக்கொள்கின்றன. அதற்காகச் செல்லுக்குள் உப்பை அடைத்தால் புரதங்கள் கெட்டுவிடும். ஆகவே உப்பின் இடத்தில் கிளைசின், அலனின், புரோலின், டாரின் போன்ற அமினோ அமிலங்களையும் பீட்டெயின் என்ற பொருளையும் நிரப்பிக்கொள்கின்றன. புரதமாகக் கோக்கப்படாமல் தனித்தனியாக, கரைந்த நிலையில். இவை சின்ன மூலக்கூறுகள். தோல் கிழிந்தால் போதும், தண்ணீரில் பரவிவிடும்.

மீனின் மூக்கும் நாக்கும் மிகக் கூர்மையாக அறிவது இதே பொருள்களைத்தான். அமெரிக்க நன்னீர்க் கெளுத்தி ஒன்றின் சுவை நரம்பில் மின்முனை வைத்துப் பதிவு செய்தபோது, 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளத்தில் பத்தில் ஒரு பங்கு கிராம்கூட இல்லாத அலனினைக் கரைத்தால் என்ன செறிவு வருமோ, அந்தச் செறிவுக்கே நரம்பு துடித்தது. நம் நாக்கும் இந்த விஷயத்தில் மீனுக்கு உறவுதான். புது இறாலைக் குழம்பில் போட்டுக் கடித்தால் ஓர் இனிப்பு வருமே, அதில் பெரும்பங்கு கிளைசினுடையது. இறாலை விரும்புவதில் நமக்கும் விளைமீனுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

மீன் சதை வேறு ஆட்டம் ஆடுகிறது. அதில் தனி அமினோ அமிலங்கள் குறைவு. ஆனால் மத்தி, சூடை, அயிலை, சூரை போன்ற ஓயாமல் நீந்தும் மீன்களின் தசையில் ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருள் ஏராளம். மீன் இறந்ததும் அது படிப்படியாக உடைந்து இனோசினேட் ஆக மாறுகிறது. 1913இல் ஜப்பானின் ஷின்தாரோ கொடாமா, உலர்த்திய சூரையின் ருசிக்குக் காரணம் தேடிப்போய்க் கண்டுபிடித்த பொருள் இதுதான். நம் மாசிக்கருவாட்டை ஒரு துண்டு போட்டால் சம்பலே மாறிப்போவதற்கும் இதே காரணம். ஜப்பானியர் கூண்டில் வளர்க்கும் மஞ்சள்வால் மீன் நம் பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தீனியில் எது சேர்த்தால் அதிகம் தின்கிறது என்று ஆராய்ந்தபோது இனோசினேட்டே முன்னால் வந்து நின்றது. பாரைக்கு மத்தித் துண்டு போடுகிறவர்கள் வேதியியல் படிக்காமலே சரியான முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு காலக்கெடு இருக்கிறது. இனோசினேட் இறந்த சில மணி நேரத்தில் ஏறி, பிறகு இனோசினாகவும் கசப்பான ஹைப்போசாந்தினாகவும் சிதையத் தொடங்கும். வெயிலில் இந்தச் சரிவு வேகமாக நடக்கும், ஐஸில் மெதுவாக. இரைமீனைப் பாலிதீன் பையில் போட்டு வெயிலில் வைத்துவிட்டு, “நாறினால்தான் மீன் வரும்” என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கெளுத்திக்கும் நண்டுக்கும் அது ஓரளவு சரி. மற்ற மீன்களில் பலவற்றுக்கு நாற்றம் எச்சரிக்கை மணி. அழுகும் சதையில் உருவாகும் கடாவெரின் என்ற பொருளுக்கென்றே ஆய்வகங்களின் செல்லமான வரிக்குதிரை மீனின் மூக்கில் தனி உணர்வி இருப்பதை 2013இல் காட்டினார்கள். அந்த வாசனை பட்டதும் மீன் விலகி ஓடுகிறது. சோற்றுக்கு வைக்கிற மீனை ஐஸில் போடும் நாம், அதைப் பிடித்துத் தருகிற மீனுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

வாசனை தானாக நீந்திப் போகாது. நீவாடு, அதாவது நீரோட்டம், அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தேங்கிய நீரில் இரையைச் சுற்றி ஒரு முழம் தூரத்துக்குள்ளேயே அது நின்றுவிடும். ஓட்டம் இருந்தால் இழையிழையாகப் பிரிந்து கீழ்நோக்கி நீளும். அதில் ஓர் இழை மூக்கில் பட்டதும் மீன் ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பி, விட்டுப்போன இழையைப் பக்கவாட்டில் தேடித் தேடி மேலேறும். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற முகத்துவாரங்களில் தண்ணீர் வற்றும் நேரத்துக்காகக் காத்திருப்பவர்களின் கணக்கு இதுதான். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பல இடங்களில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் என்றாலும், காயலின் தண்ணீர் முழுவதும் ஒரு குறுகலான வாய் வழியாக வெளியேறும்போது ஓட்டம் நன்றாகவே இருக்கும். இரையின் வாசனை கடல் பக்கம் நீளும், வெளியே காத்திருக்கும் மீன் அதன் வழியே ஏறி வரும்.

இன்னொன்றும் உண்டு. இரையிலிருந்து கசிவது சீராகக் கசிவதில்லை. நார்வேயில் நீளத் தூண்டிலுக்கான இரைகளை ஆராய்ந்தபோது, கரையும் பொருள்களின் கசிவு முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் மளமளவென்று குறைந்துவிடுவது தெரிந்தது. அதன் பிறகு முள்ளில் இருப்பது பார்வைக்கு இரைதான். மூக்குக்கு வெறும் நார். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுபவர் அவ்வளவு நேரம்கூடப் பொறுக்க வேண்டியதில்லை. துண்டு வெளுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கடிக்கவில்லை என்பதற்காக அதே துண்டைத் திரும்பத் திரும்ப வீசுவது சோம்பலுக்குச் சேரும், சிக்கனத்துக்கு அல்ல.

கோக்கும் விதமும் தேர்வின் ஒரு பகுதிதான். உயிருள்ள இறாலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், கண்ணாடி போன்ற தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். முள் அதைத் தொட்டால் இறால் அங்கேயே முடிந்தது. கொம்புக்குச் சற்றுக் கீழே, கறுப்புக்கு முன்னால், ஓட்டின் மேல்பகுதியில் மட்டும் முள்ளைக் குறுக்கே ஏற்றினால் இறால் நெடுநேரம் உயிரோடு இருக்கும். வாலும் கட்டற்று இருக்கும். ஆபத்தில் இறால் வாலை மடக்கி அடித்துப் பின்னோக்கித்தான் பாயும். அந்த ஓர் அடிதான் கொடுவாவையும் செப்பிலியையும் அழைக்கும் அழைப்பு. இறந்த இறாலென்றால் முறை வேறு: வாலிலிருந்து உடல் நேராக நிற்கும்படி முள்ளில் ஏற்ற வேண்டும். வளைந்து நின்றால் ஓட்டத்தில் சுழலும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். சுழலும் இறாலைக் கடலில் எந்த மீனும் பார்த்ததில்லை.

கணவாயின் பெருமை வாசனையோடு முடிவதில்லை. அதன் உடற்சுவரில் கொலாஜன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அதனால் ஒரே ஒரு குத்தில் முள்ளில் நிற்கும், சின்ன மீன்கள் கொத்தினாலும் பிய்ந்து போகாது. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை கூராகவும் விரல் நீளத்துக்கு வெட்டி, அகலமான முனையில் ஒரே முறை குத்தி விட்டால், மெல்லிய முனை ஓட்டத்தில் நெளியும். அதாவது இரை, லூரின் வேலையில் பாதியையும் சேர்த்துச் செய்கிறது. அதே துண்டை மூன்று முறை மடித்து முள்ளில் திணித்தால் கிடைப்பது ஒரு வெள்ளை உருண்டை. கரையில் அதிகம் கண்ணில் படுவது இந்த உருண்டைதான்.

புழு விஷயத்தில் அண்மையில் வந்த ஒரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானியக் கடற்கெளுத்தி இரவில் வேட்டையாடும். அது தின்னும் புழுக்களோ சேற்றுக்குள் குழாய் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். இருட்டில், மண்ணுக்குள் இருப்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? புழு மூச்சு விடும்போது வெளியேறும் கரியமில வாயு, வளை வாய்க்கருகே உள்ள நீரின் அமிலத்தன்மையை இம்மியளவு கூட்டுகிறது. பி.எச். அளவில் 0.1கூட இல்லாத அந்த மாற்றத்தைக் கெளுத்தியின் மீசை உணர்ந்துவிடுகிறது. 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. புழு இல்லாத வெறும் குழாயில் அமிலத்தன்மை சற்றுக் கூடிய நீரை விட்டபோதும் கெளுத்தி வந்து மொய்த்ததாம். வாசனைக்கும் முன்னால் மூச்சையே மோப்பம் பிடிக்கும் வேட்டைக்காரன். இறந்த புழுவைவிட உயிருள்ள புழு ஏன் நன்றாக எடுபடுகிறது என்பதற்குக் கெளுத்தி வகையில் கிடைத்திருக்கும் ஒரு விளக்கமாக இதை எடுத்துக்கொள்ளலாம். கடல் நீரின் பி.எச். 8.1, 8.2 என்று இருக்கும்போதுதான் இந்த உணர்வு கூர்மையாக இருக்கிறது, 8-க்குக் கீழே மங்குகிறது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. கடல் மெல்ல மெல்ல அமிலமாகிவரும் காலத்தில் கெளுத்திக்கு இது நல்ல செய்தியல்ல.

இப்போது லூர். கடையில் நுழைந்ததும் முதலில் அடிப்பது நிறம், எனவே அங்கிருந்தே தொடங்கலாம். தண்ணீர் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி விடுவதில்லை. முதலில் விழுங்குவது சிவப்பை. தெளிந்த கடலில் பத்து மீட்டர் ஆழம் போனாலே சிவப்பு ஒளி பெரும்பாலும் தீர்ந்துவிடும், மிஞ்சுவது நீலம். கரையோரத்தில் மிதக்கும் நுண்பாசியும் வண்டலும் நீலத்தையும் தின்றுவிடுவதால் மிஞ்சுவது பச்சையும் மஞ்சளும். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளில் இலை ஊறித் தேநீர் நிறமான வாய்க்கால்களில் ஆரஞ்சும் செம்பும் மற்றவற்றைவிட நன்றாகக் கடக்கும். எனவே ஆழத்தில் சிவப்பு லூர் சிவப்பாகத் தெரியாது, கறுப்பாகத் தெரியும். அது தோல்வி என்று அர்த்தமில்லை. பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால் மீனுக்கு அதுவே போதும். ஒளிரும் மஞ்சள்பச்சை லூர்கள் கலங்கலில் எடுபடுவதற்குக் காரணமும் அதுதான். தம் மேல் விழும் நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சி வேறு நிறமாக உமிழ்வதால் அவை சுற்றுப்புறத்திலிருந்து துருத்திக்கொண்டு தெரிகின்றன.

மீனின் கண்ணும் நம் கண் அல்ல. நமக்கு நிறம் காண மூன்று வகைக் கூம்புச் செல்கள், கரையோர வேட்டை மீன்கள் பலவற்றுக்கு இரண்டு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கத்தாளைக் குடும்பத்து மீன்களின் கண்களைச் சோதித்தபோது, மங்கலான அடிநீரில் இரை தேடும் இனங்களின் கண்கள் மிகக் குறைந்த ஒளியையும் பிடித்தன, ஆனால் மெதுவாக வேலை செய்தன. குறைந்த ஒளியில் படம் எடுக்கக் கேமராவின் கதவை அதிக நேரம் திறந்து வைப்பதைப் போன்றது இது. பொருள் வேகமாக ஓடினால் படம் கலைந்துவிடும். ஆகவே கலங்கலிலும் அந்தி நேரத்திலும் லூரை மெதுவாக இழுக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் வெறும் பிடிவாதம் அல்ல.

மேற்பரப்பில் தத்தி ஓடும் பாப்பர் வகை லூருக்கு நிறம் இன்னும் குறைவாகவே தேவை. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் பாரைக்கு அது வெளிச்சமான வானத்தின் எதிரே நகரும் ஒரு நிழல். முதுகில் எவ்வளவு அழகாகச் செதில் வரைந்திருந்தாலும் அது தெரிவது நமக்கு மட்டும்தான். இருட்டியபின் கறுப்பு லூர் நன்றாக எடுபடுவதற்கும் இதே கணக்கு. இந்த வரிசையில் உச்சம் கணவாய் பிடிக்கும் லூரான ஜிக். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று அதற்குக் கடையில் ஒரு சுவரே ஒதுக்கியிருப்பார்கள். பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரே ஒரு நிறமிதான் உண்டு. நிறம் பிரித்துப் பார்க்க அவற்றால் முடியாது. வெளிச்சமா இருட்டா, ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதில்தான் அவை கெட்டி. எனவே ஜிக்கில் அடர்ந்தது ஒன்று, வெளிறியது ஒன்று இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதி நிறங்கள் தூண்டில்காரரைப் பிடிப்பதற்காக.

அசைவுதான் லூரின் உயிர். பின்லாந்தின் லௌரி ராப்பாலா என்ற மீனவர், கூட்டமாக நீந்தும் சின்ன மீன்களில் எது தள்ளாடுகிறதோ அதைத்தான் பெரிய மீன் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் கவனித்து, 1936இல் தக்கை மரத்தில் ஒரு மீனைச் செதுக்கினார். மேலே சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். அந்தத் தள்ளாட்டத்தைத் தருவது மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. இழுக்கும்போது நீர் அந்தத் தகட்டில் மோதி, வலமும் இடமும் மாறி மாறிச் சுழல்களாகக் கழன்று போகிறது. ஒவ்வொரு சுழலும் லூரை எதிர்ப்பக்கம் தள்ளும். தகடு அகலமாகவும் செங்குத்தாகவும் இருந்தால் அசைவும் பெரிதாகும், லூர் ஆழம் போகாது. நீளமாகச் சாய்ந்திருந்தால் ஆழம் போகும், அசைவு ஒடுங்கும்.

அந்தச் சுழல்கள் கண்ணுக்கும் அப்பால் பேசுகின்றன. நீந்தும் மீன் தனக்குப் பின்னால் நீரில் ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. ஐரோப்பியக் கெளுத்தியை முழு இருட்டில் வைத்து அகச்சிவப்புக் கேமராவால் படம் எடுத்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், இரைமீன் கடந்துபோய்ச் சில நொடிகள் கழித்தும் கெளுத்தி அதே வளைவு நெளிவான பாதையில் பின்தொடர்ந்து போய்ப் பிடித்தது. கலங்கலில் லூர்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர், அகலமான தகடுள்ள, உடல் தடித்த, நீரை நன்றாக உலுக்கும் ஒன்றை மெதுவாக இழுக்க வேண்டும். தெளிவான நீரிலோ அதே உலுக்கல் மிகையாகிவிடும். அங்கே ஒல்லியான, வெள்ளி பூசிய, நெத்திலி அளவுள்ள ஸ்பூன் போதும்.

பளபளப்புக்கு முதல் அடிமை ஊளி. அதன் தாடை கத்தரிப்பதற்கானது. வேகமாக வந்து வெட்டிவிட்டுப் போகும், மெல்லாது, உறிஞ்சாது. ரீலை எவ்வளவு விரைவாகச் சுற்றினாலும் அதை முந்த முடியாது என்பதால் பயப்படாமல் வேகமாக இழுக்கலாம், இழுக்கவும் வேண்டும். மெதுவாகப் போனால் அது பின்னாலேயே வந்து, நிதானமாகப் பார்த்து, திரும்பிவிடும். முன்னால் ஒரு சாண் கம்பி கட்டாவிட்டால் லூர் அதோடு போய்விடும். ஊளி இருக்கும் தெளிந்த நீரில் வெள்ளிக் கொலுசோடு காலைத் தொங்கவிட வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

கொடுவா நேர் எதிர். பல் இல்லை என்று சொல்லுமளவுக்குப் பொடிப்பொடியான பற்கள். வாயைத் திடீரென்று பெரிதாகத் திறந்து, முன்னால் இருக்கும் நீரோடு இரையையும் உள்ளே இழுக்கும். அமைதியான காயலில் இரவில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். இந்த உறிஞ்சலின் வீச்சு பெரும்பாலும் வாயின் அகலத்தளவுதான். கயிறு விறைப்பாக இருந்தால் இரை அந்த நீரோடு சேர்ந்து உள்ளே போகாது, உதட்டோடு நின்றுவிடும். அதனால்தான் கொடுவாவுக்கு லூரை இழுத்து, நிறுத்தி, கொஞ்சம் தொங்க விட்டு, மறுபடி இழுக்கிறார்கள். நிறுத்தும் கணத்தில்தான் பெரும்பாலும் அடி விழும். கிழங்கானுக்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம். மணலைக் கிளறிப் பொறுக்கித் தின்னும் அதன் குட்டி வாய்க்கு, சின்ன முள்ளில் ஒரு துண்டுப் புழுதான் சரி. பெரிய இறாலைப் போட்டுவிட்டுக் கிழங்கான் இல்லை என்று சொன்னால் குற்றம் கிழங்கானுடையது அல்ல.

கன்னியாகுமரி, விழிஞ்ஞம் கரைகளில் ஒரே கயிற்றில் வரிசையாகச் சின்ன முட்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் வண்ண நூலோ பளபளக்கும் இழையோ சுற்றி அயிலை பிடிப்பார்கள். இரை என்று எதுவும் கிடையாது. மிதக்கும் பொடி உயிர்களைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கும் மீனுக்கு அந்த நூல் துணுக்கே போதும். கூட்டமாக வருவதால் அவசரம் வேறு. எந்த மீன், எந்தப் புலன், எவ்வளவு அவசரம் என்ற மூன்று கேள்விக்கும் ஒரு நூல் துண்டில் பதில் எழுதியிருக்கிறார்கள். விலை உயர்ந்த லூர்களில் பாதிக்கு இந்தத் தெளிவு கிடையாது.

லூருக்கு இன்னொரு பலவீனம் உண்டு: மீன் கற்றுக்கொள்ளும். 1970இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் பைக் என்ற வேட்டை மீனைக் குளத்தில் விட்டுப் பிடித்து, திரும்ப விட்டுப் பார்த்தார்கள். சுழல் தகட்டில் ஒருமுறை மாட்டியது மறுபடி அதன் பக்கம் வருவது வெகுவாகக் குறைந்தது. உயிருள்ள இரைமீனில் மாட்டியதோ அப்படி விலகவில்லை. உண்மையான மீனைச் சந்தேகிக்கத் தொடங்கினால் அது பட்டினி கிடக்க வேண்டியதுதான். தூண்டில்காரர்கள் தினமும் கூடும் அலைத்தடுப்புச் சுவர்களில், போன வருடம் பாரை பிடித்துக் கொடுத்த அதே லூர் இந்த வருடம் சும்மா வருகிறதென்றால், கை ராசி போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அளவையும் அசைவையும் மாற்றிப் பார்க்கலாம், அல்லது கயிற்றில் ஓர் உயிர் மடவையைக் கட்டலாம்.

இத்தனையும் சரியாக அமைந்த நாளிலும் பேத்தை வந்துவிட்டால் கணக்கு வேறு. கிளி மூக்கு போன்ற அதன் பல், இறாலை ஓட்டோடு தின்னும், கணவாயை வட்ட வட்டமாகக் கடித்தெடுக்கும், ரப்பர் மீனின் வாலைச் சுத்தமாக நறுக்கும், சில நேரம் நரம்பையே அறுத்துக்கொண்டு போகும். பிடித்தாலும் நஞ்சு, சட்டிக்கு ஆகாது. முள்ளை மேலே எடுத்துப் பார்க்கையில் இரையில் அரைவட்டமாக, கத்தியால் வெட்டியது போன்ற கடி தெரிந்தால், இரையை மாற்றிப் பயனில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நூறடி தள்ளிப் போய் உட்கார வேண்டியதுதான்.